பட்டறை போடும் முன் தண்ணீருக்கு வழி

பெங்களூரின் வடகிழக்குப் பக்கம் லிங்கராஜபுரம் இருக்கிறது. அதை ஒட்டி ரயில் பாதை போகிறது. பக்கத்தில் கம்மனஹள்ளி, பானசவாடி. தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே பலகாலமாக வாழ்கின்றன. வெல்டிங், தச்சு, தையல், வண்டி ரிப்பேர் என்று கைத்தொழில் செய்பவர்கள் பலர்.

கடை வாடகை ஏறிக்கொண்டே போகிறது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருந்தால் என்ன தோன்றும்? 'நாமே ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளலாம். வாடகை மிச்சம். வீட்டோடு வேலை' என்று தோன்றும். நல்ல யோசனைதான்.

ஒரு கிரில் வேலைக்காரர் அப்படிச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாசி மாதம். வெயில் காய்கிறது. தரை கட்டாந்தரையாக இருக்கிறது. மண்ணைக் கொஞ்சம் நிரவுகிறார். நாலு பக்கம் ஹாலோ பிளாக் வைக்கிறார். மேலே தகர ஷீட் போடுகிறார். பத்து நாளில் பட்டறை தயார். கடன் வாங்கி வெல்டிங் மெஷின், கட்டிங் மெஷின் எல்லாம் இறக்குகிறார்.

சித்திரை மாதம் முடிவதற்குள் ஒரு மாலையில் இடி இடித்து மழை கொட்டுகிறது. தெருத் தண்ணீர் பின்பக்கம் ஓடி வருகிறது. பட்டறைக்குள் கணுக்கால் அளவுக்கு நிற்கிறது. கட்டிங் மெஷினின் மோட்டார் நனைந்து போகிறது. கம்பிகள் துருப் பிடிக்கின்றன. மறுநாள் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

"என்ன மேஸ்திரி இப்படி ஆயிடுச்சு? சுவர் நல்லாத்தானே இருக்கு. கூரையும் ஒழுகலையே."

"சுவரையும் கூரையையும் பார்த்தீங்க தம்பி. தரையைப் பார்க்கலையே. தண்ணீ எந்தப் பக்கம் ஓடுதுன்னு முதல்ல கேட்டீங்களா?"

"யார்கிட்ட கேக்கிறது?"

"தண்ணீகிட்டத்தான்."

மேஸ்திரி சொன்னது வேடிக்கைப் பேச்சு அல்ல. தண்ணீரிடம் கேட்கலாம். அது பதில் சொல்லும். எப்படி என்று பார்ப்போம்.

பெங்களூரும் மழையும்

பெங்களூர் மேட்டு நிலம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகரத்துக்குள் பெரிய ஆறு கிடையாது. மேடும் பள்ளமுமான நிலம். மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு ஓடும். அந்தப் பள்ளங்களில்தான் பழைய காலத்தில் ஏரிகள் வெட்டினார்கள். கெம்பே கவுடர் 1537-இல் பெங்களூர் நகரை அமைத்தார் என்பது வரலாறு. அவர் காலத்திலும் பிறகும் ஏரிகள் பல உண்டாயின. ஓர் ஏரி நிரம்பினால் தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அந்தப் பெரிய கால்வாயைக் கன்னடத்தில் ராஜகாலுவே என்பார்கள்.

இன்று அந்த ஏரிகளில் பல இல்லை. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் கெம்பே கவுடா பஸ் நிலையம் இருக்கிறது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா மைதானம் இருக்கிறது. ஏரி போய்விட்டது. ஆனால் பள்ளம் பள்ளம்தான். தண்ணீருக்குப் பழைய வழி மறக்காது. 2022 செப்டம்பர் 4 இரவு பெங்களூரில் பெரு மழை பெய்தது. ஒரே நாளில் 130 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. பெல்லந்தூர், மகாதேவபுரா பக்கம் பெரிய பெரிய வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது. பணக்காரர்களை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். இடம் தாழ்வாக இருந்தால் தண்ணீர் ஆள் பார்ப்பதில்லை.

பெங்களூரில் ஓர் ஆண்டில் சுமார் 900 முதல் 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதத்தில் இடி மழை வரும். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம். மில்லிமீட்டர் என்றால் நமக்குச் சட்டென்று விளங்காது. குடத்திலும் டிரம்மிலும் சொன்னால் விளங்கும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர்.

உங்கள் பட்டறை 10 அடி அகலம், 15 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 சதுர அடி. அதாவது சுமார் 14 சதுர மீட்டர். ஒரு மாலையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் கூரையில் மட்டும் விழுவது 700 லிட்டர். 200 லிட்டர் டிரம்மில் மூன்றரை டிரம். இவ்வளவு தண்ணீரையும் உங்கள் சுவர் ஓரத்தில் ஊற்றினால் அஸ்திவாரம் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

மண்ணைப் பாருங்கள்

பெங்களூரில் பெரும்பாலும் செம்மண். கட்டடத்துக்கு நல்ல மண். கரிசல் மண் மாதிரி மழையில் உப்பி, வெயிலில் வெடிக்காது. ஆனால் ஒரு சந்தேகம் வேண்டும். உங்கள் காலடியில் இருப்பது அந்த இடத்தின் சொந்த மண்தானா? அல்லது எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய மண்ணா?

ஒரு கடப்பாரை எடுங்கள். மூன்று, நான்கு இடங்களில் 3 அடி ஆழத்துக்குக் குழி போட்டுப் பாருங்கள். உடைந்த செங்கல், பிளாஸ்டிக் பை, கரி, குப்பை வந்தால் அது கொட்டிய மண். நாளாக நாளாக அது அமுங்கும். மேலே போட்ட தரை வெடிக்கும். கெட்டியான சொந்த மண் தட்டுப்படும் வரை அஸ்திவாரத்தை ஆழப்படுத்த வேண்டும். செலவு கூடும்தான். ஆனால் விரிசல் விட்ட சுவரை இடித்துக் கட்டுவதைவிடக் குறைவு.

அந்தக் குழியிலேயே இன்னொரு சோதனை செய்யலாம். குழி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வற்றட்டும். மறுபடி ஊற்றுங்கள். இரண்டாம் முறை ஊற்றியது சில மணி நேரத்தில் வற்றினால் மண் தண்ணீரைக் குடிக்கிறது. மறுநாள் வரை நின்றால் குடிக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர் மண்ணுக்குள் போகும் என்று நம்பி இருக்க முடியாது. வாய்க்கால்தான் வழி.

தெருவில் பலகாலம் குடியிருக்கும் பெரியவர்களையும் கேளுங்கள். "அம்மா, பெரு மழையில தண்ணீ எதுவரைக்கும் வந்தது?" என்று கேட்டால், சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். எந்த இன்ஜினியரும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல மாட்டார்.

தண்ணீரிடம் கேட்பது எப்படி?

கொத்தனார்கள் வைத்திருக்கும் குழாய் மட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய். விரல் பருமன். 40 அடி நீளம் வாங்குங்கள். அதில் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் கணக்குத் தப்பும். இரண்டு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நிலம் மேடாக இருந்தாலும் பள்ளமாக இருந்தாலும் தண்ணீர் மட்டம் மாறாது. இதுதான் அதன் ரகசியம்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். தெருப் பக்கம் உள்ள முன் மூலையில், தரையிலிருந்து 36 அங்குலம் மேலே சுவரில் கரியால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் குழாயின் ஒரு முனையை அங்கே பிடிக்கட்டும். தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கும்படி பிடிக்க வேண்டும். மற்றவர் இன்னொரு முனையோடு மனையின் மற்ற இடங்களுக்குப் போகட்டும். அங்கே குழாயில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதிலிருந்து தரை வரை டேப்பால் அளக்கட்டும். அங்குலக் கணக்கில் நோட்டில் எழுதுங்கள். ஓர் உதாரணம்:

சாலையின் நடு மேடு – 34
முன் மூலை – 36
பட்டறை வரும் இடம் – 41
பின் மூலை – 42
தெரு மோரியில் பழைய தண்ணீர்க் கறை – 52
தெரு மோரியின் அடி – 60

எண் பெரிதாக இருந்தால் இடம் தாழ்வு என்று பொருள். இப்போது படித்துப் பாருங்கள். சாலை 34. பின் மூலை 42. அப்படியென்றால் பின் மூலை சாலையைவிட 8 அங்குலம் தாழ்வு. கண்ணால் பார்த்தால் தெரியாது. தெருத் தண்ணீர் ஏன் பின்பக்கம் ஓடி வந்தது என்பது இப்போது தெரிகிறது அல்லவா?

சரி, தண்ணீரை வெளியே எடுக்க முடியுமா? அதையும் இதே கணக்கு சொல்லும். பின் மூலையிலிருந்து மோரி வரை 24 அடி என்று வைத்துக்கொள்வோம். வாய்க்காலுக்கு 8 அடிக்கு 1 அங்குலம் சரிவு வேண்டும். 24 அடிக்கு 3 அங்குலம். பின் மூலையில் 4 அங்குல ஆழத்தில் வாய்க்காலைத் தொடங்கினால், அதன் அடி 46-இல் இருக்கும். மோரியைச் சேரும் இடத்தில் 49. அங்கே தரை 36. ஆகவே முன்பக்கம் வாய்க்கால் 13 அங்குலம் ஆழமாக வரும். ஆழம் கூடுகிறதே என்று பயப்பட வேண்டாம். மேலே கடப்பாக் கல் மூடி போட்டுவிடலாம்.

மோரியில் தண்ணீர்க் கறை 52. வாய்க்காலின் வாய் 49. கறையைவிட 3 அங்குலம் மேலே இருக்கிறது. மோரி அந்தக் கறை வரை நிரம்பினாலும் தண்ணீர் திரும்பி வராது. நல்லது.

கறை 52-க்குப் பதில் 45 என்று இருந்தால்? அப்போது மோரித் தண்ணீர் உங்கள் வாய்க்கால் வழியாக உள்ளே வரும். வாய்க்கால் வெட்டுவது தண்ணீரை வீட்டுக்கு அழைப்பது போல ஆகும். அப்படிப்பட்ட மனையில் முதலில் பின்பக்கத்தையே மண் போட்டு உயர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் வாய்க்கால்.

பட்டறையின் தரை எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? பலர் மனையின் மண்ணிலிருந்து அளப்பார்கள். அது தவறு. சாலையின் நடு மேட்டிலிருந்து அளக்க வேண்டும். சாலையும் இப்படியே இருக்கப் போவதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தார் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் சாலை ஏறுகிறது, வீடு இறங்குகிறது. இதனால் வாசற்படி இரண்டு மறைந்துபோன வீடுகளைப் பெங்களூரில் எந்தப் பழைய தெருவிலும் பார்க்கலாம். ஆகவே சாலைக்கு மேல் ஒன்றரை அடி வையுங்கள். நம் உதாரணத்தில் 34-இலிருந்து 18 போக 16. பட்டறையின் தரை 16-இல் வர வேண்டும். அந்த இடத்தில் மண் 41. வித்தியாசம் 25 அங்குலம். இரண்டு அடிக்கும் மேல்!

"இவ்வளவு உயரமா?" என்று கேட்பீர்கள். மெஷின் ஏற்ற ஒரு சாய்தளம் கட்டிக்கொள்ளலாம். மழையில் மெஷினைத் தூக்கிக் கட்டில் மேல் வைக்கும் வேலை இருக்காது.

தரை போடுவது

முதலில் மேல் மண்ணை 6 அங்குலம் வெட்டி எடுத்துவிடுங்கள். புல், வேர், சருகு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. இருந்தால் மக்கிப் போகும். மக்கிய இடம் அமுங்கும். கரையானும் வரும். செம்மண்ணில் கரையானுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எடுத்த மேல் மண்ணை வீணாக்க வேண்டாம். செடிக்குப் போடலாம்.

பிறகு நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்து நூல் கட்டுங்கள். மூலை சரியாக இருக்கிறதா? ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து குறியிடுங்கள். குறுக்கே அளந்தால் 5 அடி வர வேண்டும். வந்தால் மூலை நேர். அஸ்திவாரம் எழுப்பி, சாலைக்கு மேல் ஒன்றரை அடி வந்ததும், சுவர் முழுவதும் ஒன்றரை அங்குலக் கனத்தில் கான்கிரீட் பட்டை போடச் சொல்லுங்கள். அதில் நீர் தடுக்கும் பவுடர் சேர்க்க வேண்டும். மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் இது தடுக்கும்.

உள்ளே நிரப்புவதற்குச் செம்மண் கிராவல் நல்லது. இடித்த வீட்டுக் குப்பை மலிவாகக் கிடைக்கும். சிலர் இலவசமாகவே கொட்டிவிட்டுப் போவார்கள். வேண்டாம். எவ்வளவு மண் வேண்டும்? 25 அங்குலத்தோடு நாம் வெட்டி எடுத்த 6 சேர்த்தால் 31. அதில் மேலே கல்லும் சிறு ஜல்லியும் 8 அங்குலம், கான்கிரீட் 4 அங்குலம். மீதி 19 அங்குலம் மண். 150 சதுர அடிக்குச் சுமார் 240 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆனால் இடித்துக் கெட்டித்தால் மண் குறையும். 3 யூனிட் வாங்க வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் லாரிக்காரரிடம் ஏமாற மாட்டீர்கள்.

மண்ணை ஒரே நாளில் கொட்டி நிரவக் கூடாது. இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். 6 அங்குலம் பரப்புங்கள். தண்ணீர் தெளியுங்கள். சேறு ஆகக் கூடாது. கையில் பிடித்தால் உருண்டை பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். திமிசுக் கட்டையால் இடியுங்கள். குதிகாலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. அதற்குப் பிறகு அடுத்த 6 அங்குலம். வீட்டில் உள்ளவர்கள் சேர்ந்தே இதைச் செய்யலாம். கூலி மிச்சம்.

மண்ணுக்கு மேல் 6 அங்குலம் கல் அடுக்குங்கள். இடைவெளியில் சிறு ஜல்லியும் எம் சாண்டும் போட்டு, மேலே 2 அங்குலம் சமமாக்குங்கள். அதன் மேல் கனமான பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும். கீழே உள்ள ஈரம் மேலே வராது. பிறகு கான்கிரீட். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. 4 அங்குலக் கனத்துக்குச் சுமார் 9 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். வாசல் பக்கம் மிகச் சிறிய சரிவு இருக்கட்டும். போட்ட மறுநாளிலிருந்து சாக்கு விரித்து, குறைந்தது 7 நாள் ஈரமாக வைக்க வேண்டும். அதற்கு முன்னால் மெஷினை ஏற்றாதீர்கள்.

சுவருக்கு வெளியே சுற்றிலும் 2 அடி அகலத்துக்கு சிமெண்ட் தளம் போடுங்கள். அது சுவரை விட்டு விலகி 1 அங்குலம் சரிய வேண்டும். கூரைத் தண்ணீர் அதில் விழுந்து வாய்க்காலுக்குப் போகும்.

வாய்க்கால்

அகலம் 9 அங்குலம் போதும். மூடிக் கல்லை நிரந்தரமாகப் பூசிவிடாதீர்கள். தூக்கிச் சுத்தம் செய்ய முடிய வேண்டும். மோரியைச் சேரும் முன் ஒரு சின்னத் தொட்டி வைத்தால் மணலும் இரும்புத் தூளும் அதில் தங்கும். மாதம் ஒரு முறை அள்ளிவிடலாம். வாய்க்காலில் எங்கும் தண்ணீர் தேங்கக் கூடாது. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும்.

கூரைத் தண்ணீரை ஒருபோதும் கழிவறைக் குழாயில் விடாதீர்கள். பாதாளச் சாக்கடை வேறு, மழைநீர் மோரி வேறு. மழைத் தண்ணீர் சாக்கடைக்குள் போனால் அது நிரம்பி வழியும். எங்கே வழியும்? தாழ்வாக இருக்கும் வீட்டின் கழிவறையில். அது உங்கள் வீடாகவே இருக்கலாம். பக்கத்து வீட்டுச் சுவர் மேல் ஊற்றுவதும் கூடாது. நாம் தரையை உயர்த்தியதால் அவர் வீட்டுக்குள் தண்ணீர் போனால், சண்டை நம் வாசலுக்கு வரும். அது நியாயமான சண்டை.

கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. 4 அங்குலக் குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்துக் கூரை ஓரத்தில் கட்டினால் டிரம்மில் பிடிக்கலாம். முதல் மழைத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். அதில் தூசி இருக்கும். பெங்களூரில் 2009-இல் மழைநீர் சேகரிப்புச் சட்டம் வந்தது. 30-க்கு 40 அடி மனையில் புதிதாகக் கட்டுபவர்களுக்கு அது கட்டாயம். 60-க்கு 40 அடி மனையில் உள்ள பழைய கட்டடங்களுக்கும் கட்டாயம். மண் தண்ணீரைக் குடிக்கிற இடமாக இருந்தால், சுவரிலிருந்து 10 அடி தள்ளி ஒரு குழி வெட்டி, கல்லும் ஜல்லியும் போட்டு அதில் விடலாம்.

ஆனால் பட்டறைக்குள் கழுவிய தண்ணீர் அந்தக் குழிக்குப் போகக் கூடாது. அதில் எண்ணெய் இருக்கும், பெயிண்ட் இருக்கும். வண்டி ரிப்பேர் செய்பவர்கள் பழைய எண்ணெயை டப்பாவில் சேர்த்து வைத்து, அதை வாங்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். மோரியில் ஊற்றினால் கண்ணுக்கு மறைந்துவிடும். எங்கே போகிறது தெரியுமா? பெங்களூரின் வடக்கு, கிழக்குப் பகுதித் தண்ணீர் தென்பெண்ணையாற்றில் சேர்கிறது. ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அங்கே ஆற்றில் நுரை பொங்குவதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அதே ஆறு கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களைத் தாண்டிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. நம்மில் பலருடைய சொந்த ஊர் அந்த வழியில்தான் இருக்கிறது.

மின்சாரம் இழுக்கும் முன்

ஈரத் தரையில் நின்று வெல்டிங் செய்வது உயிருக்கு ஆபத்து. உடம்பு நனைந்திருந்தால் மின்சாரம் சுலபமாகப் பாயும். தரை காய்ந்திருப்பதுதான் முதல் பாதுகாப்பு. சுவிட்சுகளைத் தரையிலிருந்து 4 அடிக்கு மேல் வையுங்கள். ஒயர் தரையில் கிடக்கக் கூடாது. எர்த் கம்பி கட்டாயம் வேண்டும். மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் கருவியும் பொருத்தச் சொல்லுங்கள். கற்றுத் தேர்ந்த மின் பணியாளர் இதைச் செய்யட்டும். குடியிருக்கும் தெருவில் பட்டறை நடத்த மாநகராட்சி அனுமதியும், அதற்குரிய மின் இணைப்பும் வேண்டும். மண் வெட்டும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

எல்லாம் முடிந்ததும் மழைக்குக் காத்திருக்க வேண்டாம். கூரை மேல் நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். தளத்தில் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். அங்கே கரியால் வட்டம் போடுங்கள். அந்த இடத்தில் கலவை பூசிச் சரிவைச் சரி செய்ய மேஸ்திரியிடம் சொல்லுங்கள். அவருக்குக் கடைசிக் கூலி கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். முதல் மழை வரும்போது குடையோடு வெளியே போய் இன்னொரு முறை பாருங்கள். குழாய் மட்டத்தையும், அளவு எழுதிய நோட்டையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை தெருவுக்குத் தார் போடும்போது சாலை எவ்வளவு ஏறியது என்று அளந்து அதில் எழுதிக்கொள்ளலாம்.